இரவில் மறக்கும் ரேடியோ

பொழுது பட்டு, மனைவி நேசமலர் சோற்றுப் பானையை இறக்குகிற நேரத்துக்கு யோகராசா பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்குவார். அங்கே நிற்கிற வானின் முன் சீற்றைத் தூக்கினால் கீழே பற்றரி. அதன் ஒரு முனையிலிருந்து வயரைக் கழற்றி, திரும்பவும் முட்டிவிடாதபடி ஒரு துணித்துண்டைச் சுற்றி ஒதுக்கி வைப்பார். வேலை அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்யாமல் ஒருநாள் படுத்துவிட்டதால்தான் அந்த வானில் ஆஸ்பத்திரிக்குப் போகிற உதயரூபன் மூச்சுக்குத் தவித்து வார்டில் கிடக்க வேண்டி வந்தது.

கழற்றி வைக்கிற பழக்கம் யோகராசாவுக்கு மட்டும் உரியதல்ல. எண்ணெய்க்கும் காஸுக்கும் சனம் வரிசையில் காய்ந்த வருடத்தில் புதுப் பற்றரி என்ற சாமானையே கடையில் காண முடியாது. இருக்கிறதைச் சாகவிடாமல் வைத்திருக்க யாரோ ஒருவன் இரவில் வயரைக் கழற்றினான். பார்த்தவன் கழற்றினான், கேள்விப்பட்டவனும் கழற்றினான். தட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களில், இன்றைக்கும் இருள் கவிகிற மைம்மலில் ஸ்பானரும் கையுமாக வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆண்களைக் காணலாம்.

யோகராசாவுக்கு வயது ஐம்பத்து நாலு. வாழ்க்கையின் நல்ல பாதி மண்முனைத் துறையில், பாதையில் வேலையாகப் போனது. அங்கே பாதை என்றால் தெரு அல்ல. ஆளையும் சைக்கிளையும் நெல் மூடையையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான இரும்பு மிதவை. பாலம் திறந்த அன்று அந்த வேலை முடிந்தது. அதைப்பற்றி ஒரு சோகக் கதை கிடைக்கும் என்று தேடிவந்த ஒருவரிடம் அவர் சொன்னார்: “கவலையோ? மழையில நனைஞ்சு எனக்கு முழங்கால் போச்சு. பாலத்தால முதல்நாளே சைக்கிள் ஓடினவன் நான்.” வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு பஸ்ஸில் கிளீனர். பிறகு லைசன். பிறகு ஆரோ பாவித்துக் களைத்த ஜப்பான் வான் ஒன்று. செவ்வாயும் வெள்ளியும் விடியப்போகிற வெள்ளாப்பில் சிறுநீரக நோயாளர்களை மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய், இரத்தம் சுத்திகரித்து முடியும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகள். பின்னேரம் ரியூசன் பிள்ளைகள். சனி ஞாயிறில் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு, கதிர்காம யாத்திரை. யோகராசாவால் எங்கேயும் தூங்க முடியும். சலூனில் கத்தரிக்கோல் சத்தத்தில் தூங்குவார். ரயில் கடவையில் கேற் போட்டால் தூங்குவார். கேற் திறந்ததும் பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடித்து எழுப்புவான்.

வானில் நிரந்தரமாக வருகிற நோயாளர்கள் இரண்டு பேர். முன்சீற்றில் உதயரூபன். நாற்பது கடந்த ஆள். கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே வட்டை வெளியில் ஒரு பெரிய துண்டு வயல் செய்தவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டு, உழவு மெஷினையும் விற்றான். பின்சீற்றில் ஆர்த்திகா, முதலைக்குடாவில் பாலர் பாடசாலை ரீச்சர். இருபத்தொன்பது வயது. இரண்டு பேருக்கும் குடிக்கிற தண்ணீர்கூட அளந்துதான், இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது. தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் பிறந்துவிட்டுத் தயிர் தின்னாமல் இருக்கச் சொல்கிறார்களே என்பது உதயரூபனின் நிரந்தர முறைப்பாடு.

வானில் இருக்கிற ரேடியோ உதயரூபனுடையது. உழவு மெஷினை விற்கும்போது அதை மட்டும் தன் கையாலேயே கழற்றி எடுத்திருந்தான்.

“வாங்கினவன் செட்டையும் கேட்டான். நான் குடுக்கல்ல,” என்று சொல்லி ஒரு சொப்பிங் பையில் சுற்றியதை யோகராசாவின் மடியில் வைத்தான். “வானுக்குப் பூட்டுங்க அண்ணன். செவ்வாயும் வெள்ளியும் எண்டாலும் பாட்டுக் கேட்டுக்கு வருவன்.”

யோகராசாவுக்கு வயரிங் தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்தில் வாகனம் வைத்திருக்கிற எவனும் தனக்கு வயரிங் தெரியாது என்று ஒப்புக்கொள்வதில்லை. செட்டின் முதுகில் வயர்க் கற்றை ஒன்று தொங்கியது. அதில் கறுப்பு தனியே நின்றது. மஞ்சளும் சிவப்பும் ஏற்கெனவே ஒன்றாக முறுக்கப்பட்டு, மேலே டேப் சுற்றியிருந்தது. முறுக்கியவனுக்குக் காரணம் இல்லாமலா இருக்கும் என்று யோகராசா நினைத்தார். கறுப்பை வானின் இரும்பில் இறுக்கினார். முறுக்கை டாஷ்போட்டுக்குள் கிடந்த ஒரு வயரில் தொட்டுப் பார்த்தார். சின்னப் பொறி ஒன்று பறந்தது, பாட்டு வந்தது. அதிலேயே கட்டிவிட்டார்.

அன்று தொடக்கம் ஓயாத தொல்லையாக ஒரு சில்லெடுப்பும் வந்து சேர்ந்தது. இரவில் பற்றரியைக் கழற்றினால் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். எந்த ஸ்டேஷனில் நின்றது, எவ்வளவு சத்தத்தில் நின்றது, மணி என்ன, எதுவும் ஞாபகமில்லை. விடிய முதல் யோகராசா வயரைத் திரும்பப் பூட்டியதும் அது தானாகவே உயிர்த்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நின்று, முழுச் சத்தத்தில் இரையும். தெருநாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும்.

“கோழி கூவ முதல் உங்கட வான் கூவுது,” என்பாள் நேசமலர், பாயில் கிடந்தபடியே. “ஆனா ஒண்டு, எனக்கு மணி பாக்கத் தேவையில்ல.”

உதயரூபன் ஏறியதும் அவனுடைய வேலை தொடங்கும். முகப்பில் பன்னிரண்டு மணி என்று மினுங்கிக்கொண்டிருக்கிற செட்டைத் தட்டிக் கொடுத்து, ஒரு குமிழை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, இரைச்சலுக்குள்ளிருந்து ஸ்டேஷனைப் பிடிப்பான். பிறகு மணியைச் சரிசெய்வான். வான் மண்முனைப் பாலத்தில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பது அவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட கணக்கு. வேறு ஆரும் கை வைக்கக்கூடாது.

“தொடங்கிற்றார் உழவு,” என்பாள் ஆர்த்திகா பின்னாலிருந்து.

“உழுதாத்தானே ரீச்சர் முளைக்கும்.”

“எங்களுக்கு முளைக்கக்குள்ள ஆஸ்பத்திரி வந்திரும்.”

இப்படி மாதங்கள் போயின.

அந்தத் திங்கட்கிழமை மைம்மலுக்கு யோகராசா கதிர்காமம் ஹயர் முடித்து வந்து சேர்ந்தார். இரண்டு நாள் ஓட்டம். வழியில் ஒரு குடும்பத்துக்குள் சண்டை, அதையும் அவரே தீர்த்து வைத்திருந்தார். சோற்றை அரையும் குறையுமாகத் தின்றுவிட்டு, கால் கழுவ என்று வாளிக்குப் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்பானர் சேட்டுப் பொக்கற்றுக்குள்ளேயே கிடந்தது.

செட் வருவதற்கு முன்பும் பல நாள் மறந்திருக்கிறார். அப்போதெல்லாம் வான் காலையில் ஒருமுறை முனகிவிட்டு எழும்பிவிடும். அந்தச் செவ்வாய் சாவியைத் திருப்பியபோது ‘டிக்’ என்றது. இன்னொருமுறை திருப்ப அதுவும் இல்லை. தள்ளி எழுப்ப முடியாத ஓட்டோ கியர் வண்டி. வேறு பற்றரியிலிருந்து கரண்ட் எடுக்க ஜம்பர் வயர் தேடி ஓடிய பொடியன் எப்போது வருவான் என்று தெரியாமல் யோகராசா ஸ்டியரிங்கில் கையை ஊன்றினார். கை வழுக்கிச் செட்டின் மேல் பட்டது. முகப்பு இருண்டு கிடந்தது. ஆனால் செட் சுட்டது. பனியில் வானின் இரும்பெல்லாம் குளிர்ந்து கிடக்க, அது மட்டும் அடைக்குக் கிடக்கிற கோழியின் வயிறுபோல இளஞ்சூடாக இருந்தது.

அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இது இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. பற்றரியைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

வயர் வந்து, வான் எழும்பி, பிந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இரத்தம் சுத்திகரிக்கிற அவர்களுடைய மெஷின்களில் வேறு இரண்டு பேர் படுத்திருந்தார்கள். அதில் ஆரையும் பிழை சொல்ல முடியாது. ஒரு கட்டில் காலியானால் அடுத்த ஆள் வாசலில் நிற்கிற இடம் அது. மறுநாளைக்கு வரச் சொன்னார்கள். ஆர்த்திகா மறுநாள் வீங்கிய காலோடு போய்ச் செய்துகொண்டாள். உதயரூபனுக்கு மறுநாள்வரை தாங்கவில்லை. அன்றைக்கே பொழுது படமுன்னே நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி, படுக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், அம்புலன்ஸில் கொண்டு போனார்கள். சனிக்கிழமைதான் வீட்டுக்கு விட்டார்கள்.

“என்ன நடந்த அண்ணன்?” என்று அவன் கேட்டபோது யோகராசா, “பற்றரி பழசு தம்பி,” என்றார்.

அது பொய்யும் இல்லை. முழு உண்மையும் இல்லை. உன்னுடைய செட்தான் உன்னைச் சாகக் கொடுக்கப் பார்த்தது என்று ஒருவனிடம் எப்படிச் சொல்வது? செட்டை வெட்டி எறிந்துவிடலாம். ஏன் என்று கேட்பான். இனி ஒருநாளும் மறக்காமல் வயரைக் கழற்றினால் போதும் என்று யோகராசா தீர்மானித்தார். தீர்மானம் சுகமானது. அதைத் தூக்கிக்கொண்டு திரிவதுதான் பாரம்.

அடுத்த செவ்வாய் வானில் ஏறியபோது ஆர்த்திகா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“யோகண்ணன், கோவத்தில சொல்லல்ல. இன்னொருக்கா இப்பிடி நடந்தா நான் வேற வான் பாக்கிறதுதான். என்ட பிள்ளைக்கு நாலு வயசு.”

“ஓம் ரீச்சர்.”

“உதயன் அண்ணனையும் கூட்டிக்குத்தான் போவன்.”

“ஓம்.”

உதயரூபன் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தான். அன்று ஸ்டேஷன் பிடிபட்டபோது வான் பாலத்தைத் தாண்டி ஆரையம்பதிக்கே வந்துவிட்டது.

அதன் பிறகு யோகராசாவின் நித்திரை கெட்டது. வயரைக் கழற்றுவார், படுப்பார், கழற்றினேனா என்று எழும்புவார். போய்ப் பார்ப்பார், கழற்றித்தான் கிடக்கும். வந்து படுப்பார். தான் பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று சந்தேகம் வரும்.

“கழட்டித்தான் கிடக்கு. நானும் பாத்த. படுங்க,” என்பாள் நேசமலர்.

“நீ வடிவாப் பாத்தயா?”

“நான் தொட்டும் பாத்த. இனி அதுக்குப் பக்கத்தில பாயைப் போட்டுப் படுக்கவா?”

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆரையம்பதி வளைவில் வான் மெல்ல வலப்பக்கம் சாயத் தொடங்கியது. “அண்ணன்,” என்று உதயரூபன் அவருடைய முழங்கையைத் தொட்டான். அதட்டவில்லை, தொட்டான். யோகராசா கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு மீன் லொறி லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஆர்த்திகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டு பேரையும் மெஷினுக்கு அனுப்பிவிட்டு அவர் நேரே காத்தான்குடிக்கு வானைத் திருப்பினார். ஆஸ்பத்திரி முடிவதற்குள் ஒருவருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்பது திட்டம். மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் ஸாஹிரின் கடை. கத்தாரில் லொறிகளுக்கு வயரிங் செய்துவிட்டு வந்தவன். கடை வாசலில் ஓட்டோக்கள் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு நின்றன. ஸாஹிர் ஒரு பஸ்ஸுக்கு அடியில் கிடந்தான். கால் மட்டும் தெரிந்தது.

“தம்பி, ஒரு செட்டு வேலை,” என்றார் யோகராசா காலைப் பார்த்து.

“பதினொரு மணிக்குக் கொண்டாங்க அண்ணன்,” என்றது கால். “ஜும்ஆத் தொழுகைக்கு முன்ன முடிச்சித் தாறன். அதுக்குப் புறகு எண்டா இண்டைக்கு ஏலா.”

பதினொரு மணிக்கு வானில் இரண்டு பேரும் இருப்பார்கள். யோகராசா ஆஸ்பத்திரி மதிலோரம் போய் நிறுத்திவிட்டு, முதல்முறையாகத் தூங்காமல் காத்திருந்தார்.

மெஷினிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கசக்கிப் பிழிந்த சீலைபோல வருவார்கள். ஏறியதும் உதயரூபன் சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடினான். இடக்கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“காத்தான்குடியில ஒரு சின்ன வேலை,” என்றார் யோகராசா. “கொஞ்ச நேரந்தான்.”

“என்ன வேலை?” என்றாள் ஆர்த்திகா.

“வயரில.”

“வானிலயா?”

“ஓம் ரீச்சர், வானில.”

அவளுக்கு மேலே கேட்க வலு இல்லை.

கடை வாசலில் வான் நின்றதும் ஸாஹிர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினான். கண் மூடிக் கிடக்கிற ஆளைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். முகப்பைக் கழற்றி, செட்டை மெதுவாக வெளியே இழுத்து, வயர்க் கற்றையை வெளிச்சத்துக்குத் திருப்பினான். டேப்பைப் பிரித்ததும் மஞ்சளும் சிவப்பும் முறுக்கியபடி தெரிந்தன.

“இது ஆருட வேலை?”

யோகராசா முன்சீற்றை ஒருமுறை பார்த்தார். உதயரூபனின் கண் மூடியே இருந்தது.

“நான்தான் தம்பி.”

“அப்ப ஒங்களுக்குத்தான் சொல்லணும். இஞ்ச பாருங்க. இந்த மஞ்சள்தான் செட்டுட ஞாபகம். ராப்பகல் இதில கரண்ட் நிக்கணும். பாடக்குள்ள செட்டு இதாலதான் சாப்பிடுற. படுக்கக்குள்ள ஒரு சொட்டுப் போதும், ஸ்டேஷன், சவுண்டு, மணி எல்லாம் அந்தச் சொட்டிலதான் நிக்கிது. சிவப்பு வேற. அது சாவிக்குரிய கம்பி. சாவியத் திறந்தா ‘ஒழும்பு’ எண்டும், பூட்டினா ‘படு’ எண்டும் செட்டுக்குச் சொல்லுற அதுதான். நீங்க ரெண்டையும் ஒண்டாக்கி நேரா பற்றரில குடுத்திரிக்கிங்க. அது பாவம், ராத்திரி முழுக்க ஒழும்பு ஒழும்பு எண்டே கேட்டுக்கு இரிக்கி. பட்டன அமத்தினா முகம் இருட்டும். உள்ளுக்கு முழிப்புத்தான்.”

“அதுதான் சுடுற?”

“சுடாம? புறகு நீங்க பயத்தில பற்றரியக் கழட்டுவிங்க. எல்லாரும் செய்றதானே. கழட்டினா அந்த ஒரு சொட்டும் போகும். காலையில செட்டு புள்ளை பிறந்த மாதிரி ஒண்டும் தெரியாம ஒழும்பும். கழட்டாட்டி பற்றரி சாகும், கழட்டினா ஞாபகம் சாகும். ரெண்டும் இந்த ஒரு முறுக்காலதான்.” ஸாஹிர் முறுக்கை விரலால் உருட்டிப் பார்த்தான். விரலில் காய்ந்த சாம்பல் நிறத் தூள் ஒட்டியது. “ஆனா அண்ணன், இது நீங்க முறுக்கினதில்ல. டேப்புக்குள்ள வயல் மண் இரிக்கி.”

“பழைய டேப்பாக்கும்.”

“பொய் சொல்லாதீங்க அண்ணன்,” என்றான் உதயரூபன், கண்ணைத் திறக்காமலே. “அது நான் முறுக்கின.”

வெளியே ஒரு ஓட்டோ ஸ்டார்ட் எடுத்தது.

“உழவு மெஷினில சாவிக் கம்பி எது எண்டு தேட எனக்குப் பொறுமையில்ல,” என்றான் உதயரூபன். “ரெண்டையும் முறுக்கி ஒரு சுவிச்சப் போட்டன். வேலை முடிஞ்சா சுவிச்ச அமத்திறது. அங்க ஒரு ஸ்டேஷன்தானே கேட்டன், மறந்தா என்ன, மறக்காட்டி என்ன.” இப்போது கண்ணைத் திறந்தான். “அப்ப, அண்டைக்கு வான் ஒழும்பாததும் இதாலயா?”

“பற்றரியும் பழசு தம்பி,” என்றார் யோகராசா.

“இதாலயா எண்டு கேட்டன்.”

யோகராசா ஸாஹிரைப் பார்த்தார். ஸாஹிர் வயரைப் பார்த்தான்.

“ஓம்,” என்றார் யோகராசா. “நான் கழட்ட மறந்த. செட்டு குடிச்சிற்று. காலையில தொட்டன், சுட்டுது.”

“தெரிஞ்சுமா இவ்வளவு நாளும் சொல்லல்ல?”

“எப்பிடித் தம்பி சொல்ற?”

உதயரூபனின் நெஞ்சு குலுங்கியது. மூச்சு முட்டுகிறதோ என்று ஆர்த்திகா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“விக்காம ஒளிச்சு வச்ச சாமான்,” என்றான். “மாப்பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரிச் சோடிச்சுக் குடுத்தன். அதே என்ட மூச்ச நிப்பாட்டப் பாத்திற்று.”

“உழவு வேலை தெரிஞ்ச ஆளுக்கு வயர் வேலை என்னத்துக்கு?” என்றாள் ஆர்த்திகா. பிறகு யோகராசாவின் பக்கம் திரும்பினாள். “நீங்க இன்னொருவர். மறந்துபோனன் எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா நான் ஏசிப்போட்டு விட்டிருப்பன். நான் நினைச்ச, உங்களுக்கு இனி வான் ஓட ஏலா எண்டு. இண்டைக்கு ஆரையம்பதியில வடிவாவே நினைச்ச.”

“அதுவும் உண்மைதான் ரீச்சர். கழட்டினனா கழட்டினனா எண்டு எனக்கு நித்திரையே இல்ல.”

“அப்ப ஒங்கட சிவப்பையும் ஒருக்காப் பாக்கணும் அண்ணன்,” என்றான் ஸாஹிர். “முதல்ல செட்டு.”

பள்ளிவாசலில் பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனால் ஒழுங்கையில் கடைகளின் தகரக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கிவிட்டன. ஸாஹிர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு முறுக்கைப் பிரித்தான். பழைய செம்பு நுனிகளை வெட்டிப் புதிதாகச் சுரண்டினான். பிறகு ஃபியூஸைப் போட்டுவிட்டு, கையில் பிடிக்கிற சின்ன டெஸ்ட் பல்ப்பை எடுத்து டாஷ்போட்டுக்குள் கிடந்த வயர்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தான். அவனுடைய தலை ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டதால் பல்ப் அவனுக்குத் தெரியவில்லை.

“நான் பாக்கிறன்,” என்று உதயரூபன் சீற்றை நிமிர்த்தினான்.

“சாவியத் திறங்க.”

யோகராசா திறந்தார்.

“எரியுது,” என்றான் உதயரூபன்.

“பூட்டுங்க.”

“இன்னும் எரியுது.”

“அப்ப அது மஞ்சளுக்கு. அடுத்தது. திறங்க.”

“எரியுது.”

“பூட்டுங்க.”

“அணைஞ்சிற்று.”

“இதுதான் சிவப்புட கம்பி. ஜப்பான்காரன் அப்பவே போட்டு வச்சிரிக்கான். ஒருத்தரும் தேடல்ல.”

மஞ்சளை எப்போதும் எரிகிற வயரிலும், சிவப்பைச் சாவியோடு எரிகிற வயரிலும், இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் போட்டுப் பூட்டினான். செட்டைத் திரும்ப உள்ளே தள்ளினான். உதயரூபன் ஸ்டேஷனைப் பிடித்து, மணியைச் சரிபார்த்து, சத்தத்தைத் தணித்து வைத்தான். யோகராசா சாவியைப் பூட்டித் திறந்தார். அதே ஸ்டேஷன், அதே சத்தம்.

“இனி ராத்திரியில கழட்டக் கூடா,” என்றான் ஸாஹிர், தொப்பியைத் தேடிக்கொண்டே. “கழட்டினா இவ்வளவும் செஞ்சதுக்கு அர்த்தமில்ல. நம்பிக்கை வராட்டி இண்டைக்கும் நாளைக்கும் கழட்டாம விட்டுப் பாருங்க. செட்டத் தொட்டுப் பாருங்க. குளிர்ந்திருந்தா சரி.”

வெள்ளி இரவும் சனி இரவும் யோகராசா கழற்றவில்லை. ஞாயிறு விடியத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. ஞாயிறு இரவும் கழற்றவில்லை. திங்கள் காலையும் வான் ஒரே திருப்பில் எழும்பியது. ஆனாலும் திங்கள் மைம்மலில், நேசமலர் பானையை இறக்குகிற நேரத்துக்கு, கை தானாகவே ஸ்பானரை எடுத்தது. முற்றத்தில் இறங்கிப் போய் முன்சீற்றைத் தூக்கினார். குனிந்து நின்றார்.

கழற்றினால் நாளைக்கு வான் கட்டாயம் எழும்பும். ரேடியோ மறந்துபோகும், அவ்வளவுதான். கழற்றாவிட்டால் ஸாஹிரை நம்ப வேண்டும், பல்ப்பைப் பார்த்த உதயரூபனின் கண்ணை நம்ப வேண்டும், இந்தப் பழைய பற்றரியை நம்ப வேண்டும். கழற்றினால் இன்றைக்கும் நித்திரை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இன்றைக்குக் கழற்றிவிட்டால் நாளைக்கும் கழற்ற வேண்டும். ஒருநாள் மறக்கும்.

“என்ன செய்றீங்க?” என்றாள் நேசமலர் குசினி வாசலில் நின்று.

“பாத்துக்கு நிக்கிறன்.”

“பாத்தது போதும். சோறு ஆறுது.”

சீற்றை இறக்கிவிட்டு ஸ்பானரைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

செவ்வாய் வெள்ளாப்பில் சாவியைத் தொடுவதற்கு முதல் செட்டைத் தொட்டார். வெளியே கிடந்த பனியைப்போலவே அதுவும் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பினார். வான் முனகவுமில்லை, எழும்பிற்று. தணிந்த சத்தத்தில், வெள்ளிக்கிழமை விட்ட ஸ்டேஷனிலேயே ஆரோ தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். நாய்கள் ஒன்றும் சொல்லவில்லை.

நேசமலர் தலைமுடியை அள்ளி முடிந்தபடி பதறி ஓடிவந்தாள். “என்ன, ஒழும்பல்லயா? சத்தமே கேக்கல்ல?”

“ஒழும்பித்தான் நிக்கிது. போய்ப் படு.”

“இனி நான் எப்பிடி ஒழும்புற?” என்றபடி திரும்பிப் போனாள்.

கொக்கட்டிச்சோலையில் உதயரூபன் ஏறினான். உட்கார்ந்ததும் வழக்கப்படி கை செட்டை நோக்கி நீண்டது. குமிழுக்குக் கிட்டப் போய் நின்றது. ஸ்டேஷன் இருந்தது. மணி சரியாக இருந்தது. சத்தம் அளவாக இருந்தது. கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி மடிக்கு வந்தது.

முதலைக்குடாவில் ஏறிய ஆர்த்திகா வானுக்குள் பார்த்தாள், காது கொடுத்தாள்.

“இண்டைக்கு உழவு இல்லையா?”

“விளைஞ்சு கிடக்கு ரீச்சர்,” என்றான் உதயரூபன். “வெட்டுறதுதான் மிச்சம்.”

“வெட்டுங்களன்.”

யோகராசா பக்கத்தில் பார்த்தார். பாலத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. கை இரண்டும் மடியில் கிடக்க, தலை கண்ணாடியில் சாய்ந்து, உதயரூபன் நித்திரையாகிவிட்டான். இந்தப் பயணத்தில் அவன் போகும்போது தூங்கி யோகராசா பார்த்ததில்லை. பாலத்தில் ஏறியபோது கீழே வாவியில் வலை இழுக்கிற தோணிகளின் வெளிச்சம் இருந்தது. எழுப்பிக் காட்டவில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இறங்கும்போது ஆர்த்திகா கதவைப் பிடித்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமையும் இதே நேரந்தானே?” என்றாள்.

“இதே நேரந்தான்.”

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். யோகராசா மதிலோர நிழல் விழப்போகிற இடமாகப் பார்த்து நிறுத்தி, சாவியைப் பூட்டினார். பாட்டு நின்றது. சீற்றைச் சாய்த்துப் படுத்தார். பொக்கற்றில் கிடந்த ஸ்பானர் நெஞ்சில் குத்தியது. எடுத்துக் காலடியில் கிடந்த சாமான் பெட்டிக்குள் போட்டார். அதற்குள் நித்திரையாகிவிட்டார், விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டதோ தெரியாது.